முகாமின் குழாயடி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போனால் மேற்குப் பக்கம் முழுக்க மலை கூடவே வரும். இரண்டு ஊர்களும் தங்கள் குடிநீரை நெடுங்காலமாக அந்த மலையை நம்பித்தான் பெற்றுவந்திருக்கின்றன. ராஜபாளையத்துக்கு அய்யனார்கோயில் ஆறும், ஆறாவது மைல் நீர்த்தேக்கமும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செண்பகத்தோப்பு. ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்த வருடத்தில் கவலை இல்லை. பொய்த்துவிட்டால் சித்திரை பிறக்கும் முன்பே அண்டா, டிரம், சிமெண்டுத் தொட்டி என்று வீட்டிலுள்ள பாத்திரமெல்லாம் நகராட்சித் தண்ணீர் வரும் நாளுக்காகக் காத்திருக்கும்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே மொட்டமலையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2021இல் அரசு பெயரை மாற்றினாலும் அக்கம்பக்கத்தில் பலருக்கு அது இன்னும் அகதி முகாம்தான். விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்சந்தை, ஆனைக்குட்டம், மல்லாங்கிணறு, கண்டியாபுரம் என்று இதுபோல மேலும் முகாம்கள் உண்டு. அங்கே வாழ்கிறவர்களும் அதே மழையை, அதே பாறைக்கு அடியில் தேங்கும் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பட்டா கிடையாது. ஓட்டும் கிடையாது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் தண்ணீர் எப்படி வருகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் சட்டென்று புரியும். மோட்டார் பழுதானால் வார்டு உறுப்பினர் வீட்டு வாசலில் நாலு பெண்கள் போய் நிற்பார்கள். அப்போதும் நடக்கவில்லை என்றால் காலிக் குடங்களோடு சாலையில் உட்காருவார்கள். பஸ் நிற்கும், தாசில்தார் வருவார், மறுநாள் மோட்டார் ஓடும். ஓட்டு உள்ள தெருவுக்கு இந்த வழி இருக்கிறது. முகாமில் இருப்பவர்கள் வருவாய்த் துறையின் பதிவேட்டிலும் கியூ பிரிவுக் காவல்துறையின் கண்காணிப்பிலும் வாழ்கிறவர்கள். சாலையில் உட்காருவதற்கு முன் அவர்கள் பல முறை யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கதை 1983 ஜூலையில் தொடங்குகிறது. கொழும்பில் தமிழர்களுக்கு எதிராக வெடித்த வன்முறைக்குப் பிறகு படகுகள் ராமேசுவரம் கரைக்கு வர ஆரம்பித்தன. 1987இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதும் பலர் திரும்பினார்கள். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் முன்பைவிடப் பெரிய கூட்டம் வந்தது. பிறகு 1990களின் பிற்பகுதியில் ஒரு அலை, 2006க்குப் பின் இன்னொன்று. 1983 முதல் 2012 வரை வந்தவர்களின் எண்ணிக்கை 3,04,269 என்கிறது மத்திய உள்துறையின் கணக்கு. பலர் நாடு திரும்பினார்கள், சிலர் வேறு தேசங்களுக்குப் போனார்கள். 2021 நிலவரப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரும், முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு சுமார் 34 ஆயிரம் பேரும் இருந்தார்கள். இவர்களில் கணிசமானவர்கள் இங்கேயே பிறந்தவர்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்றடியையும் வன்னிக் குளங்களையும் பாட்டி வாயால் கேட்டு அறிந்தவர்கள்.

1990இல் ஒரே நேரத்தில் அத்தனை பேரை எங்கே தங்கவைப்பது? கையில் இருந்த இடங்களில் எல்லாம் தங்கவைத்தார்கள். கடலோரப் புயல் காப்பகங்கள், கிடங்குகள், புறம்போக்கு நிலங்கள், அணைக்கட்டை ஒட்டிய பொதுப்பணித் துறை இடங்கள். முகாம்களின் பெயர்ப் பட்டியலைப் படித்தால் பாதி நீர்ப்பாசன வரைபடத்தைப் படிப்பதுபோல இருக்கும். ஈரோட்டில் பவானிசாகர். தர்மபுரியில் நாகாவதி அணை, தும்பலஹள்ளி, கேசர்குளி. கிருஷ்ணகிரியில் பாம்பாறு அணை, கெலவரப்பள்ளி. விருதுநகரில் ஆனைக்குட்டம், குல்லூர்சந்தை. அணையோரம் குடியிருந்தும் குடத்தோடு வரிசையில் நிற்பவர்கள் இவர்கள். அணையில் தேங்குவது பாசனத் தண்ணீர். அதைக் குடிக்கத் தகுந்ததாக்க வடிகட்டும் மணல் படுகை வேண்டும், குளோரின் வேண்டும், மேல்நிலைத் தொட்டி வேண்டும், குழாய் வேண்டும். அகதிகளைக் கொண்டுவந்து இறக்கியபோது இவற்றில் பலவற்றுக்கு நேரம் இருக்கவில்லை. சில மாதங்களில் திரும்பிவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், வந்தவர்கள் உட்பட.

குல்லூர்சந்தை அணைக்குக் கௌசிகா நதியின் தண்ணீர் வருகிறது. விருதுநகர் நகரத்தின் கழிவுநீரையும் அந்த நதிதான் சுமந்து வருகிறது. ஆனைக்குட்டத்தில் அர்ச்சுனா நதியை மறித்துக் கட்டிய அணையின் ஷட்டர் பழுதாகித் தண்ணீர் வீணாகும் செய்தி பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நீர்நிலை இருப்பதாலேயே குடிநீர் இருக்கிறது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

மாவட்டத்தின் பூமியும் தாராளமானதல்ல. மேற்கே மலையடிவாரத்தை விட்டுக் கிழக்கே நகர நகர ஈரம் குறைந்துகொண்டே போகும். தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்கிறது. வருடத்தின் பெரும்பகுதி மழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஓடும் ஆறுகளில் பெரும்பாலானவை வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்த, மழைக்கு ஓடிப் பிறகு மணலாகிவிடும் சின்ன ஆறுகள். மண்ணுக்குக் கீழே கடினப் பாறை. அதன் வெடிப்புகளில் தேங்கும் தண்ணீரைத்தான் போர் போட்டு எடுக்க வேண்டும். ஆழம் போகப் போகத் தண்ணீர் பாறையோடு கிடக்கும் காலம் அதிகம், கரையும் உப்பும் அதிகம். அதனால்தான் இந்தப் பக்கத்து வீடுகளில் நல்ல தண்ணீருக்கு ஒரு குடம், உப்புத் தண்ணீருக்கு ஒரு குடம் என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். துவைக்க, குளிக்க, பாத்திரம் கழுவ உப்புத் தண்ணீர். உலையில் ஊற்றவும் குடிக்கவும் நல்ல தண்ணீர். இந்தப் பாகுபாடு முகாமுக்கும் ஊருக்கும் பொது. நல்ல தண்ணீர் வராத நாளில் ஊர்க்காரருக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கிணறு இருக்கும், தோட்டத்து மோட்டார் இருக்கும். முகாம்காரருக்குக் கேனில் விற்கும் தண்ணீர்தான்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? இதற்கு உலகம் முழுக்க அளவுகோல்கள் உண்டு. பேரிடர் நிவாரணத்தில் பின்பற்றப்படும் ஸ்பியர் கையேடு, ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்கிறது. ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் போகக் கூடாது, தண்ணீர் கிடைக்கும் இடம் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும், வரிசையில் 30 நிமிடத்துக்கு மேல் நிற்க வைக்கக் கூடாது. ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகள் ஆணையம் 20 லிட்டரை இலக்காக வைக்கிறது. இந்தியக் கிராமங்களுக்கு, 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின்படி 55 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு 135 லிட்டர்.

பதினைந்து, இருபது என்பதெல்லாம் உயிரைக் காப்பாற்றும் அளவு. போரிலோ நிலநடுக்கத்திலோ தப்பி வந்தவர்களுக்கு முதல் சில வாரங்களுக்கு, மாதங்களுக்குப் போட்ட கணக்கு அது. பேரப்பிள்ளை எடுத்துவிட்ட ஒரு முகாமுக்கு அந்த அளவைப் பொருத்திப் பார்ப்பதே தவறு. முகாமில் இருக்கும் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு, பக்கத்துக் கிராமத்துக்குரிய 55 லிட்டரைப் போட்டால் நாளைக்கு 220 லிட்டர். பிளாஸ்டிக் குடம் ஒன்று சுமார் 15 லிட்டர் பிடிக்கும். ஏறக்குறைய 15 குடம். தெருமுனைக் குழாயிலிருந்து 15 நடை நடந்து இவ்வளவையும் சுமப்பது யார் என்று கேட்கத் தேவையில்லை. பெண்கள், பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைகள். தண்ணீர் எப்போது வரும் என்று நிச்சயமில்லாத நாளில் வீட்டில் ஒருவர் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். முகாம் ஆண்களில் பலர் பெயின்ட் வேலைக்கும் கட்டட வேலைக்கும் தினக்கூலிக்குப் போகிறவர்கள். பெண்களும் கூலிக்குப் போகிறார்கள். குழாயடியில் போகும் அரை நாள் என்பது அரை நாள் கூலி.

தண்ணீர் போதாது என்பதாலா இந்த நிலை? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டு முகாம்கள் அனைத்திலும் 2021இல் இருந்த 58 ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் ஆளுக்கு 55 லிட்டர் கொடுத்தால் ஒரு நாளைக்கு மொத்தம் சுமார் 32 லட்சம் லிட்டர் ஆகும். ராஜபாளையம் நகராட்சியின் மக்கள் தொகை 2011 கணக்கெடுப்பில் 1,30,442. நகர அளவுகோலான 135 லிட்டரால் பெருக்கினால் ஒரு கோடியே 76 லட்சம் லிட்டர். அதாவது மாநிலம் முழுக்க இருக்கும் எல்லா முகாம்களின் தேவையும் ராஜபாளையம் என்ற ஒரே ஊரின் தேவையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 500 பேர் இருக்கும் முகாமுக்கு 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று, நாளுக்கு ஒரு முறை நிரம்பினால் போதும். குறை தண்ணீரின் அளவில் இல்லை. யார் திட்டத்தில், யார் பொறுப்பில் இந்தக் குழாய் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

அளவு ஒரு பாதி என்றால் சுத்தம் மறுபாதி. அகதி முகாம்களில் அசுத்தத் தண்ணீர் என்ன செய்யும் என்பதற்கு உலகம் மறக்காத உதாரணம் 1994இல் நடந்தது. ருவாண்டா இனப்படுகொலையின் முடிவில், அந்த ஆண்டு ஜூலையில் பல லட்சம் பேர் எல்லை தாண்டிக் கோமா என்ற ஊருக்குள் நுழைந்தார்கள். பக்கத்தில் பெரிய ஏரி. அந்த ஏரித் தண்ணீரையே குடித்தார்கள். முதல் மாதத்தில் மட்டும் இறந்தவர்கள் ஏறக்குறைய 50,000 பேர். பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் காலராவும் சீதபேதியும். இதற்குப் பிறகுதான் நிவாரண அமைப்புகள் ஒன்றுகூடி மேலே சொன்ன ஸ்பியர் அளவுகோல்களை உருவாக்கின.

காலராவைப் பற்றிய பயம் நம் பக்கத்திலும் பழையது. ராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் முகாமின் வரலாறே அந்தப் பயத்தில்தான் தொடங்குகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்கள் காலராவையும் பிளேக்கையும் தீவுக்குள் கொண்டுபோய்விடக் கூடாது என்று, கப்பலேறும் முன் அவர்களை அடைத்துவைத்துச் சோதித்த இடம் அது. பின்னாளில் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின் பேரில் திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள் வந்து இறங்கியதும் மண்டபத்தில்தான். 1983க்குப் பிறகு ஈழத்து அகதிகளும் அங்கேதான் முதலில் பதிவானார்கள். மொட்டமலை போன்ற முகாம்களுக்கு ஆட்கள் பிரித்து அனுப்பப்பட்டது அந்த வாசலிலிருந்துதான்.

தண்ணீரைச் சுத்தமாக்கும் வேலை விலை உயர்ந்ததல்ல. ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடர். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம், ஒரு டம்ளரில் அடங்கிவிடும். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத் திறந்துவிட வேண்டும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருந்தால் கிருமி பற்றிய கவலை குறையும். சிறிய குப்பியில் தண்ணீர் பிடித்துச் சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். நிறத்தின் அழுத்தத்தை வைத்து அளவைச் சொல்லிவிடலாம். பத்தாம் வகுப்பு மாணவி செய்யக்கூடிய சோதனை. ஊராட்சிகளில் மாதந்தோறும் 5, 20 தேதிகளில் மேல்நிலைத் தொட்டியைக் கழுவ வேண்டும் என்று விதியும் இருக்கிறது. கழுவிய தேதியைத் தொட்டியின் தூணிலேயே எழுதி வைத்திருப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். பொட்டலம் பிரித்து மாதக்கணக்காகத் திறந்து கிடந்த பிளீச்சிங் பவுடரில் வீரியம் போய்விட்டிருக்கும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

குழாயில் சுத்தமாக வந்த தண்ணீர் குடத்தில் கெட்டுப்போவதும் உண்டு. தினமும் வராத தண்ணீரைச் சேமித்துத்தானே வைக்க வேண்டும்? மூடாத பாத்திரம், டம்ளரோடு உள்ளே போகும் கை, அடியில் வழுவழுப்பாகப் படிந்த பாசி. மலாவி நாட்டில் மொசாம்பிக் அகதிகள் இருந்த ஒரு முகாமில் ஆய்வாளர்கள் எளிய மாற்றம் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். சில குடும்பங்களுக்கு மூடியும் தண்ணீர் ஊற்ற மூக்கும் வைத்த வாளியைக் கொடுத்தார்கள், உள்ளே கை போக முடியாதபடி. அந்த வாளிகளில் மலக்கிருமிகளின் அளவு 69 சதவீதம் குறைந்திருந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு 31 சதவீதம் குறைந்தது. 2001இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான முடிவு இது. வாய் அகன்ற அண்டாவுக்குப் பதில் குழாய் பொருத்திய மூடிய டிரம் ஒன்று வீட்டில் இருந்தால் எவ்வளவோ நல்லது. நம் ஊர்க் குடத்தின் குறுகிய வாயும் இதே வேலையைத்தான் செய்கிறது, மூடியும் போட்டுவிட்டால்.

கிருமி வேறு, உப்பு வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் கஷ்டப்படுகிறவர்கள் முகாமிலும் உண்டு, ஊரிலும் உண்டு. காய்ச்சினால் கிருமி சாகும். உப்பு போகாது, ஃபுளூரைடு போகாது, நைட்ரேட்டும் போகாது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகள் இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. ஃபுளூரைடு 1 மில்லிகிராம், வேறு வழியில்லையென்றால் 1.5. நைட்ரேட்டுக்கு 45, அதற்கு மேல் சலுகையே இல்லை. உப்பை ஆர்.ஓ. இயந்திரம் பிரித்துவிடும். ஆனால் உள்ளே போகும் தண்ணீரில் கணிசமான பங்கை அது கழிவாக வெளியே தள்ளும். வறண்ட மாவட்டத்தில் அது சின்ன விஷயமல்ல. அந்தக் கழிவைப் பாத்திரம் கழுவவும் கழிப்பறைக்கும் திருப்பிவிடும் ஏற்பாடு இல்லாமல் இயந்திரத்தை மட்டும் வைத்துத் திறப்பு விழா நடத்துவது பாதி வேலைதான். குளோரினையும் ஆர்.ஓ. எடுத்துவிடுவதால் அந்தத் தண்ணீரை அசுத்தமான கேனில் பிடித்தால் கிருமி இன்னும் சுலபமாக வளரும். மெம்பிரேன் மாற்ற ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் ஆர்.ஓ. கொட்டகைகளைத் தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்திலும் பார்க்கலாம்.

முகாம்களின் நிலையை யோசிக்கும்போது திபெத்திய அகதிகளின் நினைவு வருவது இயல்பு. 1959 மார்ச்சில் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார். அவரைப் பின்தொடர்ந்து ஏறக்குறைய 80,000 பேர் மலை தாண்டினார்கள். அடுத்த ஆண்டிலேயே மைசூரு மாநில அரசு பைலகுப்பேயில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தது. முண்டுகோடு, ஹுன்சூர், சத்தியமங்கலம் மலைகளுக்கு வடக்கே கொள்ளேகால் பக்கம் ஒடேயர்பாளையா என்று பிறகு மேலும் குடியிருப்புகள். ஊட்டியில் கம்பளி விற்கும் திபெத்தியர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊர்களின் பெயர்கள் காதில் பட்டிருக்கும். அவர்களுக்கும் தண்ணீர்ப் பிரச்சினை இல்லாமல் இல்லை. இமயமலைப் பக்கத்துக் குடியிருப்புகளில் ஊற்றையும் ஓடையையும் நம்பிய குழாய்கள் கோடையில் மெலிந்து, மழைக்காலத்தில் சேறாகும். கர்நாடகத்தில் போர்வெல்களை ஆழமாக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

ஆனாலும் அங்கே ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. நிலம் நீண்ட காலக் குத்தகையில் இருப்பதால் தொட்டி கட்டலாம், குழாய் பதிக்கலாம். குடியிருப்பைக் கவனிக்க அவர்களுடைய சொந்த அலுவலகமும் கூட்டுறவுச் சங்கமும் இருக்கின்றன. பழுதுபார்க்கும் பொறுப்பை யார் ஏற்பது என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. 2014இல் மத்திய அரசு கொண்டுவந்த திபெத்திய மறுவாழ்வுக் கொள்கை, அரசு நலத் திட்டங்களை அவர்களுக்கும் விரிவாக்கும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. அதனால் திபெத்தியருக்கு ஒரு ஏற்பாடு, ஈழத் தமிழருக்கு இன்னொன்று. திபெத்தியருக்குக் கிடைத்தது அதிகம் என்று பொறாமைப்படுவதில் அர்த்தமில்லை. ஐம்பது, அறுபது ஆண்டுகள் தங்குவார்கள் என்று ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு எப்படி இருக்கும் என்பதற்கு அது நம் பக்கத்து மாநிலத்திலேயே இருக்கும் சான்று.

சட்டமும் அகதியின் குடத்தைக் கைவிடவில்லை. அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமல்ல, இந்த மண்ணில் இருக்கும் எல்லா மனிதர்களுக்கும் உண்டு என்று 1996இல், அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாசில்லாத நீரும் காற்றும் அந்த உரிமைக்குள் அடக்கம் என்று 1991இலேயே சுபாஷ் குமார் வழக்கில் சொல்லியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் மொட்டமலைக் குழாயடியில் நிற்கும் பெண்ணுக்குச் சுத்தமான தண்ணீர் கேட்கும் உரிமை, ராஜபாளையம் நகரத்துப் பெண்ணுக்கு உள்ள அளவுக்கு உண்டு. 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை குடிநீரை மனித உரிமையாக ஏற்ற தீர்மானத்துக்கு இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது.

2021 ஆகஸ்ட் 27 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் முகாம்களுக்காக 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை 110ஆம் விதியின் கீழ் அறிவித்தார். பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதில் முக்கியமானது. குடிநீர், மின்சாரம், கழிப்பறை போன்ற வசதிகளுக்கும் தனியாக நிதி ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் வேலூர் மேல்மொணவூர் முகாமில் அடிக்கல் நாட்டினார். 2023 செப்டம்பரில் அதே இடத்தில் நடந்த விழாவில் பல மாவட்டங்களில் கட்டி முடித்த 1,591 வீடுகள் திறக்கப்பட்டன. பத்துக்குப் பத்து அறையில், சேலையைத் திரையாகக் கட்டி மூன்று தலைமுறை படுத்தெழுந்த குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று விளக்க வேண்டியதில்லை. நெடுங்காலம் காத்திருந்து கிடைத்த நல்ல காரியம்.

புதிய வீட்டோடு ஒரு புதிய தேவையும் வருகிறது. வீட்டுக்குள் கழிப்பறை வந்தால் தண்ணீர்ச் செலவு கூடும். முன்பு பொதுக் கழிப்பறைக்கும் வெளியிலும் போனவர்கள் இப்போது வீட்டிலேயே ஒவ்வொரு தடவையும் வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாய் இன்னும் தெருமுனையிலேயே இருந்தால் அந்த வாளியையும் பெண்கள்தான் சுமக்க வேண்டும். தண்ணீர் இல்லாத கழிப்பறை சில மாதங்களில் விறகு வைக்கும் அறையாகிவிடும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறோம். செப்டிக் தொட்டியையும் போர்வெல்லையும் அருகருகே போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். வெடிப்புப் பாறை நிலத்தில் கழிவு எந்தப் பிளவு வழியாக எங்கே போய்ச் சேரும் என்று மேலிருந்து சொல்ல முடியாது. தண்ணீரில் நைட்ரேட் ஏறும் வழிகளில் இதுவும் ஒன்று.

முகாம் மக்களிடம் அமைப்பாகச் செயல்படும் அனுபவம் நிறையவே இருக்கிறது. எஸ்.சி. சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ அகதிகள் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் கல்வி, சத்துணவு, சுகாதாரம், பெண்கள் குழுக்கள் என்று நாற்பது ஆண்டுகளாக வேலை செய்துவருகிறது. அகதிகளே அகதிகளுக்காக நடத்தும் அமைப்பு அது. முகாம்களில் பட்டம் பெற்ற இளைஞர்கள் ஏராளம்; பொறியியல் படித்துவிட்டுக் குடியுரிமை இல்லாததால் பெயின்ட் வாளி தூக்குகிறவர்களும் அவர்களில் உண்டு. கிராமங்களில் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனைப் பெட்டியைக் கொடுத்துப் பயிற்சியளிக்கும் ஏற்பாடு ஜல் ஜீவன் திட்டத்திலேயே இருக்கிறது. அந்த ஐவரில் இருவர் முகாமிலிருந்து வரலாம். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு. மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை முகாம் போர்வெல்லின் தண்ணீரை அங்கே கொடுத்து உப்பு, ஃபுளூரைடு, நைட்ரேட், கிருமி நான்கையும் பார்த்துவிடலாம்.

ஊராட்சி, வருவாய்த் துறை, குடிநீர் வாரியம், மறுவாழ்வுத் துறை என்று நாலு கைகளில் பிரிந்து கிடக்கும் பொறுப்பைத்தான் முதலில் ஒழுங்குபடுத்த வேண்டும். மோட்டார் எரிந்துபோனால் யார் சரிசெய்வது, மின் கட்டணம் யார் கட்டுவது, தொட்டி கழுவும் கூலி எந்தக் கணக்கில் என்ற மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொரு முகாமிலும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் ஊர்க் கணக்கில் முகாமும் ஒரு குடியிருப்பாக, அதன் தலைக்கணக்கோடு ஏற வேண்டும். தாமிரபரணிக் குழாய் இன்று விருதுநகர் மாவட்டத்து ஊர்கள் பலவற்றை எட்டியிருக்கிறது. போகும் வழியில் முகாமுக்கு ஒரு கிளை பிரிப்பதற்குப் பெரிய பொறியியல் தேவையில்லை. ஜல் ஜீவன் திட்டம் 2028 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வீடு குழாய் என்ற அந்த எண்ணிக்கையில் முகாம் வீடும் வீடாகச் சேர இன்னும் அவகாசம் இருக்கிறது.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் உண்டு. டேங்க் ஆபரேட்டராக முகாமிலேயே இருக்கும் ஒருவரை ஊதியத்தோடு நியமிக்கலாம். காலையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் திறக்கப்படும் என்பதை முதல் நாளே பலகையில் எழுதிவிட்டால் கூலிக்குப் போகிறவர்கள் போகலாம், பிள்ளைகள் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் சேரலாம். தொட்டி கழுவிய தேதியையும், கடைசி வீட்டுக் குழாயில் அன்று பார்த்த குளோரின் அளவையும் அதே பலகையில் பக்கத்திலேயே எழுதலாம்.